பொம்மைல உட்ட பயம்

காசிமேட்டுல கடலு முடிஞ்சாலும் மீன் வாடை முடியாத ஒரு எடத்துல ஒம்பது மாடிக்கு எச் பிளாக்குன்னு ஒண்ணு நின்னுனு கீது. அதுல லிப்ட்டு எப்ப ஓடும்னு லிப்ட்டுக்கே தெரியாது, தண்ணி லாரி செவ்வாக்கெயம மட்டும் தான் வரும். அந்த பிளாக்குல ஆறாவது மாடில டில்லிபாபுன்னு ஒர்த்தன், ஊர்ல அவனவன் நகையப் பூட்டி வக்கிற பீரோவுல நாப்பத்திமூணு கொலகாரனுங்கள பூட்டி வச்சினு குடும்பம் நடத்தினு இருந்தான்.

கொலகாரனுங்கன்னா பொம்மைங்க தான். ரப்பரும் இல்லாம பிளாஸ்டிக்கும் இல்லாம வினைல்னு சொல்றானுங்களே, அதுல செஞ்சது. தல பூசணிக்கா, ஒடம்பு கத்திரிக்கா, கண்ணு கோலிகுண்டு. அல்லாமே பேய்ப் படத்து வில்லனுங்க. அவனுங்களுக்கு டப்பா மேல நீட்டு நீட்டா இங்கிலீஷ் பேரு போட்டிருக்கும், ஆனா பிளாக்கு சனம் அத்தெல்லாம் மதிக்கல. கைல கொறடு வச்சிருந்தவன் பல்லு டாக்டரு, தொப்பி போட்டு குச்சி ஐஸ் நீட்டினவன் ஐஸ் வண்டிக்காரன், வாய ஊசி நூலால தச்சு உட்டு சாவடிக்கிறவ தையக்காரி. அவனுங்கள ட்யூப் லைட்டுக்குக் கீய அர மணி நேரம் காட்டிட்டு, ஜன்னல சாத்தி போர்வையத் தொங்க உட்டா, இருட்டுல பச்சப் பசேல்னு எரிவானுங்க. பத்து நிமிசத்துல அணைஞ்சுடுவானுங்க. அந்தப் பத்து நிமிசத்துக்குத் தான் டில்லி உசுரோட இருந்தான்னு வச்சிக்கோ.

அவன் ஐஸ் கம்பெனில வேல பாத்தான். விடியச்சொல்ல போய், பாளம் பாளமா வர்ற ஐஸ மிஷின்ல உட்டு நொறுக்கிட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு வெரலு வெறச்சுப் போய் வருவான். கம்பெனில மேஸ்திரி திரும்பிப் பாத்தா பயம், ரோட்டுல போலீஸ்காரன் தும்முனா பயம், நாயி பாத்தா பயம், நாயி பாக்கலன்னா ஏன் பாக்கலன்னு பயம். அப்டியாப்பட்டவனுக்கு, ஒலகத்தையே நடுங்க வச்ச நாப்பத்திமூணு பேரும் அவன் வச்ச எடத்துல குந்தினு, அவன் தொடச்சா தொடைக்கிற வரைக்கும் கைய கட்டினு கெடந்தது அம்மாம் பெரிய சுகமா இருந்துது. அவனுங்களுக்கு எடம் பத்தலன்னு பொண்டாட்டி ரேணுகா பொடவைங்க பீரோவுல இருந்து தகரப் பொட்டிக்கு எறங்குச்சு, தகரப் பொட்டி கட்டிலுக்குக் கீய போச்சு.

வெளிய வாயத் தொறக்காதவன் வூட்டுக்கு வந்தா வாய மூட மாட்டான். "பொண்டாட்டிய நான் ஒரு அடி அடிச்சதில்லடா, கேட்டுப் பாரு"ன்னு டீக்கடைல மார்தட்டிக்குவான். மெய் தான். செவுத்த அடிப்பான், கதவ அடிப்பான், டம்ளர எடுத்து அடிப்பான். பாவம், வெளிய வாங்கின பயத்த எங்க தான் எறக்கி வப்பான்னு பிளாக்குல பேசிக்குவாங்க. பேசிட்டு அவங்கவங்க கதவ சாத்திக்குவாங்க.

இப்டி இருக்கச்சொல்ல, ஆடி மாசம் ரெண்டாவது திங்கக்கெயம மத்தியானம், அஞ்சாவது மாடி சம்பூர்ணம் மொட்ட மாடில இருந்து பறந்து வந்த அவ துண்டக் கேக்க டில்லி வூட்டுக்கு வந்தா. அறுவது வயசு, மீன் வித்த தொண்ட. மார்ல ஒரு கட்டி, மறுநாளு பெரியாஸ்பத்திரில ரிசல்ட்டு சொல்றேன்னு சொல்லியிருந்தானுங்க, ரெண்டு நாளா அவ வாயில பச்சத் தண்ணி எறங்கல. டில்லி அப்பத் தான் பல்லு டாக்டர டப்பால இருந்து எடுத்து, வெறுங்கை படாம மெத்துன்னு ஒரு துணில புடிச்சு தொடச்சினு இருந்தான். மேஸ்திரி போன் அடிச்சதும் பொம்மைய மேஜ மேல வச்சிட்டு வராண்டாவுக்கு ஓடினான். சம்பூர்ணம் சும்மா இல்லாம அத்த கைல எடுத்தா.

பட்டப் பகலு, ட்யூப் லைட்டும் எரியுது, ஜன்னலும் தொறந்து கீது. அப்பவும் பல்லு டாக்டரு மண்டைல இருந்து கால் வரைக்கும் பெட்ரோமாக்ஸ் மாதிரி பச்சையா எரிஞ்சான். ரேணுகா சமையக்கட்டுல இருந்து எட்டிப் பாத்தா.

"போச்சுடி," அப்டின்னா சம்பூர்ணம்.

"இன்னாக்கா போச்சு?"

"பயம். தோ இங்க இருந்துது, நெஞ்சுக்கும் வவுத்துக்கும் நடுவுல, ஒரு தேங்கா சைசுல. இப்பக் காணோம். பசிக்குது ரேணு, சோறு கீதா?"

டில்லி உள்ள வந்து பாத்துட்டு கத்துன கத்து, பொம்ம எரிஞ்சதுக்கு இல்ல. "எண்ணெ கையோட தொட்டுட்டியே யக்கா, பெய்ண்ட்டு பூடும், அப்பறம் எவன் இத்த மதிப்பான்"னு தான் கத்தினான். சம்பூர்ணம் ரெண்டு தட்டு சோறு துன்னுட்டுப் போனா. மறுநாளு ஆஸ்பத்திரில கட்டி கெட்ட கட்டி தாம்மான்னு சொன்னப்போ, "சரி, ஆப்பரேசன் எப்ப? செவ்வாக்கெயம மட்டும் வேணாம் டாக்டரு, தண்ணி லாரி வர்ற நாளு"ன்னு சொல்லிட்டு வெளிய வந்து வேர்க்கடல வாங்கித் துன்னுச்சாம். கூடப் போன மருமவ தான் மயங்கி உய்ந்தா.

அப்பறம் கேக்கணுமா. எச் பிளாக்கு சனத்துக்கு ஒரு பழக்கம், எதுக்கு நிக்கணும்னாலும் ஆளு நிக்காது, கொடம் நிக்கும். தண்ணிக்கு கொடம் வச்சு வச்சு, ரேசனுக்கும் கொடம், ஆதார் கேம்ப்புக்கும் கொடம், அம்மன் கோயில் கூழுக்கும் கொடம். அந்த வழக்கப்படி மறு வாரம் டில்லி வூட்டு வாசப்படில இருந்து நாலாவது மாடி வரைக்கும் படிக்கட்டுல செவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமா கொடம் குந்திச்சு, பயத்த உடறதுக்கு. பொம்ம ஏன் எரியுதுன்னு ஒர்த்தரும் கேக்கல. பயந்த புள்ளைய மந்திரிச்சு உட்டா தெளியுதே, அது ஏன்னு யாரு கேட்டா? அவங்களுக்குக் கவல அல்லாம் லைன்ல எவ கொடத்த எவ தள்ளி வச்சான்றதுல தான்.

குடியிருப்போர் சங்கத்துக்கு செகரட்ரி எத்திராஜு, அம்பத்தஞ்சு வயசு, தும்மறதுக்கும் தீர்மானம் போடுற ஆளு. அவரு ரூல்ஸ் போட்டாரு: ஒரு பொம்மைக்கு ஒரு பயம் தான், கரண்ட்டு பயத்தையும் தண்ணி லாரி டயர் பயத்தையும் கொழந்தைங்க உடக் கூடாது, சாமி மேல கீற பயத்த யாரும் எடுத்தாரக் கூடாது, அம்மன் கோச்சிக்கும். எந்தக் கலரு கொடம் எந்தப் பொம்மைக்குப் போச்சுன்னு கரித்துண்டால வராண்டா செவுத்துல எழுதி வச்சாரு. டில்லிக்கு மொதல்ல ஒடம்பு எரிஞ்சுது, அத்தினி பேரு கை பட்டா பொம்ம இன்னாத்துக்கு ஆவும்னு. அப்பறம் பாத்தா, மேஸ்திரி பொண்டாட்டியே கொடத்த எடுத்துனு வந்து "அண்ணே"ன்னு கூப்ட்டு நிக்கிறா, அவனுக்கு மண்டைல கொம்பு மொளச்சிச்சு.

பயம் போன பிளாக்கு எப்டி இருந்துதுன்றியா? புது மருமவ மாமியார் பயத்த உட்டா, அடுத்த கொடத்துல மாமியாக்காரி மருமவ பயத்த உட்டா, ரெண்டு பேரும் ஒரே தட்டுல மாங்கா துன்னாளுங்க. பன்னெண்டாவது படிக்கிற திவ்யா கணக்குப் பரீட்ச பயத்த ஐஸ் வண்டிக்காரன் கிட்ட உட்டுட்டு, கேள்வித் தாள விசிறியா மடிச்சு வீசிக்கினு இருந்தா. பூச்சாண்டி வரான்னா புள்ளைங்க "எந்த வூட்டுக்கு?"ன்னு அட்ரஸ் கேட்டுதுங்க, சோறு ஊட்ட முடியல. வாட்ச்மேன் மட்டும் ஒரு நாளு முய்க்க கேட்டாண்ட குந்தி, "இவ்ளோ லேசா கீதே, நெஞ்ச எங்கனா உட்டுட்டனா"ன்னு சட்டப் பாக்கெட்டத் தடவினு இருந்தாரு.

பயத்த திருப்பி எடுக்க முடியும்னு தெரிஞ்சது எத்திராஜால தான். ரெண்டாவது மாடில படுத்த படுக்கையா கீற அவரு தங்கச்சிக்கு ஒரு பொம்மையக் கொண்டு போலாம்னு, யாரையும் கேக்காம, கைக்குக் கெடச்ச ஐஸ் வண்டிக்காரன இடுப்புல சொருவினு மத்தியானம் லிப்ட்டுல ஏறினாரு. மூணாவது மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல கரண்ட்டு போச்சு. இருவது நிமிசம் கும்மிருட்டு. பொம்ம கொஞ்சம் கொஞ்சமா மங்கி மங்கி அணைஞ்சுது. கதவ நெம்பித் தொறந்தா, எத்திராஜு சட்ட நனஞ்சு, கண்ணு பிதுங்கி, "நாளைக்கு கணக்குப் பரீட்ச, ஒரு சாப்டரு கூட படிக்கல"ன்னு தேம்பினு வெளிய வராரு.

திவ்யா பாத்துட்டு, "தாத்தா, அது என்னுது," அப்டின்னா.

"உன்னுதா இருந்தா எடுத்துக்கோம்மா, உனுக்குப் புண்ணியமாப் போவும்."

"எனுக்கு வேணாம். வேணும்னா கணக்கு சொல்லித் தரேன், ஒக்காரு."

ரெண்டு நாளு அவரு ஸ்லேட்டும் பல்பமுமா குந்தினாரு. அப்பறம் யாரோ பொம்மைய ட்யூப் லைட்டு வெளிச்சத்துல அவரு கைல குடுக்க, அது எரிய, மனுசன் நிமுந்தாரு. ஆக வெளிச்சத்துல புடிச்சா பயம் பொம்மைக்குப் போவுது, இருட்டுல புடிச்சா பொம்மைல கீற பயம் புடிக்கிறவனுக்கு வருது, யாரு பயமா இருந்தாலும் சரி. சங்கம் அத்தையும் செவுத்துல எழுதிச்சு.

அடுத்த செவ்வாக்கெயம தான் விசயம். ரேணுகா அத்தினி நாளும் வரவங்களுக்கு தண்ணி குடுத்து, பாய விரிச்சு, பொம்மைய துணியோட எடுத்துக் குடுத்து, ஒரு தபா கூட தனக்குன்னு தொட்டதில்ல. அன்னிக்கு டில்லி வேலைக்குப் போனதும் அவளும் ஒரு நீலக் கொடத்த எடுத்து, தன் வூட்டு வாசல்ல, தன் வூட்டு லைன்ல, கடசியா வச்சா. வூட்டுக்காரின்னு முன்னாடி வக்கல, அது மொறை இல்ல. அந்த நேரம் பாத்து கீய தண்ணி லாரி ஆரன் அடிச்சிச்சு. லைன்ல இருந்த சனம் கையில கெடச்ச கொடத்த தூக்கினு ஓடிச்சு, பயத்துக்கு வச்ச கொடத்துல எல்லாம் தண்ணிய ரொப்பினு மேல வந்துது, எது யாரு கொடம், எது மின்ன, எது பின்ன, ஒண்ணும் புரியல. ஆளாளுக்கு அவசரத்துல பொம்மைய எடுத்து எரிய உட்டுட்டு தண்ணியத் தூக்கினு போனாங்க. செவுத்துல பாத்தா, நீலக் கொடம்னு நாலு எடத்துல எழுதி கீது.

ரேணுகா மொறை வந்தப்போ ரூமுல ஆறு பேரு இருந்தாங்க. அவ எடுத்த பொம்ம எதுன்னு ஆறு பேருக்கும் தெரியாது, ஏன்னா எடுத்ததும் ஆறு பேரும் கண்ண மூடிக்கிட்டாங்க. வெல்டிங் வச்ச மாதிரி ஒரு வெளிச்சம். ரோட்டுக்கு அந்தாண்ட பஸ் ஸ்டாப்புல நின்னவங்க ஆறாவது மாடி ஜன்னலப் பாத்து கைய நெத்தில வச்சு கண்ண மறச்சாங்களாம். அது பாதி நிமிசத்துல அடங்கி, மத்த பொம்மைங்க மாதிரியே சாதுவா பச்சையா ஆயிடுச்சு. அப்பால நாலையும் கலந்து வச்சா பிரிக்கத் தெரியாது.

ஒரு மணிக்கு டில்லி வந்தான். கேட்டாண்டயே கலாய்ச்சானுங்க. "இன்னா டில்லி, உன் பொண்டாட்டி கலங்கர வெளக்கத்துக்கே வேல இல்லாமப் பண்ணிட்டா."

"என் பொண்டாட்டிக்கு இன்னாடா பயம்? நான் ஒர்த்தன் கீறேன்ல," அப்டின்னான் டில்லி, சிரிச்சினே.

ஒர்த்தனும் சிரிக்கல. அல்லாரும் அவங்கவங்க கொடத்தப் பாத்தாங்க.

மேல போனா, ரேணுகா நாற்காலில குந்தினு இருந்தா. பதினாலு வருசத்துல அவன் வர்ற நேரத்துக்கு அவ குந்தி அவன் பாத்ததில்ல. "இன்னாங்க, வாங்க"ன்னு தான் கூப்டுவா. அன்னிக்கு, "டில்லி, வா, ஒக்காரு," அப்டின்னா.

பேரு சொல்லிக் கூப்ட்டா. பக்கத்து வூட்டுல அம்மி நின்னு போச்சு.

"ஞாயித்துக்கெயம பதினோரு மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கேன். எண்ணூர்ல எங்க அக்கா வூட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல. சோறு மூடி வச்சிருக்கேன், கொயம்பு சூடு பண்ணிக்கோ."

டில்லிக்கு மொதல்ல காது தான் அடைச்சுது. அப்பறம் செவுத்த அடிச்சான். கதவ அடிச்சான். டம்ளர எடுத்து அடிச்சான், அது உருண்டு உருண்டு அவ காலாண்ட போய் நின்னுது. அவ டிவில ஏற்கெனவே பாத்த படத்தப் பாக்கற மாதிரி பாத்துனு இருந்தா.

"அவ்ளோதானா?" அப்டின்னா. "கை வீங்கும். தேங்கா எண்ணெ வையி."

அவன் ஆடிப் போய்ட்டான். வராண்டாவுக்கு வந்து நின்னான், கம்பியப் புடிச்சினு. ஒலகத்துல எதுக்கெதுக்கோ பயந்தவனுக்கு, இவ இல்லாத வூடுன்னு ஒரு பயம் இருக்கும்னே அது வரைக்கும் தெரியல. அப்பத் தான் அவனுக்கு யோசன வந்துது: பயம் போனதால தான போறேன்றா? அத்த திருப்பிக் குடுத்துட்டா நின்னுடுவா. நாலு நீலக் கொடம், நாலு பொம்ம, அதுல ஒண்ணு அவளுது. எதுன்னு கண்டுபுடிச்சு, ஜன்னல சாத்திட்டு, இத்தக் கொஞ்சம் புடின்னு அவ கைல குடுத்தாப் போதும். ஞாயித்துக்கெயம பதினோரு மணிக்குள்ள.

சங்கத்துக்குப் போய்ச் சொன்னான். எத்திராஜு மூக்குக் கண்ணாடியக் கழட்டினாரு, மாட்டினாரு. "எதுன்னு எப்டிக் கண்டுபுடிப்ப?"

"ஒண்ணொண்ணா நானே இருட்டுல புடிச்சுப் பாக்கறேன் தலைவரே. இவ பயம் எனுக்குத் தெரியாதா? பதினாலு வருசம் கூட இருக்கேன்."

அங்க இருந்த ஒரு ஆளு கூட, அவளுக்கு இன்னா பயம்னு கேக்கல. அது தான் அவனுக்கு வினோதமா இருந்துது. சம்பூர்ணம் மட்டும், அவளுக்குத் தான் பயம் இல்லியே, வெத்தலய மடிச்சினே சொன்னா: "அத்தத் தேடாத டில்லி."

"ஏன்க்கா?"

"கெடச்சுடும்."

வியாயக்கெயம மத்தியானம் ஜன்னல சாத்தி மொதப் பொம்மையப் புடிச்சான். பச்ச மங்கி மங்கி உள்ள எறங்குச்சு. பறக்கற கரப்பாம்பூச்சி. அம்மாடி, அது ரெக்கைய விரிச்சு மூஞ்சிக்கு நேரா வர்ற மாதிரி, கட்டில் மேல ஏறி நின்னு போர்வையப் போத்திக்கினு நடுங்கினான். ரேணுகா கரப்பாம்பூச்சிய கைல புடிச்சு வெளிய போடுறவ, ஆக இது இல்ல. லைட்டப் போட்டு பொம்மைல திருப்பி உட்டான்.

வெள்ளிக்கெயம ரெண்டாவது. அதுல போன் இருந்துது. போன் அடிச்சிடுமோ, அடிச்சா கப்பல் கம்பெனிக்காரன் பேசுவானோ, கப்பல்ல வேலைக்குப் போன பையன் பேரச் சொல்லி 'அப்பாவா பேசறது'ன்னு கேப்பானோன்னு, சட்டப் பாக்கெட்டுல கல்லக் கட்டின மாதிரி ஒரு பயம். அது கேட்டாண்ட குந்தற வாட்ச்மேனோடது. தெனம் கலாய்க்கிற மனுசன், நெஞ்சுல இத்த வச்சினா கேட்டத் தொறந்து வணக்கம் சொன்னாருன்னு டில்லி லைட்டப் போடாம கொஞ்ச நேரம் குந்தினு இருந்தான். அப்பறம் அத்த பொம்மைல திருப்பி உட்டுட்டு, சாயங்காலம் கீய போய் வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தான். எதுக்குன்னு சொல்லல.

சனிக்கெயம கம்பெனில டபுள் டூட்டி, உடல. ஞாயித்துக்கெயம பத்து மணிக்கு ரேணுகா பொட்டியக் கட்டி வாசல்ல வச்சிட்டு, மாடி மாடியா சொல்லிட்டு வரேன்னு போனா. அவன் மூணாவது பொம்மைய எடுத்தான், தையக்காரிய. ஜன்னல சாத்தி, போர்வையத் தொங்க உட்டு, கீய குந்தி, ரெண்டு கையாலயும் புடிச்சான்.

இது மத்ததுங்க மாதிரி நெஞ்சுல எறங்கல, காதுல ஏறிச்சு. காது நீண்டுது, வூட்ட உட்டு வெளிய போச்சு, வராண்டாவத் தாண்டி படிக்கட்டுல எறங்கி, கீய கேட்டு தொறக்கற சத்தத்துல போய் குந்திச்சு. யாரோ வரப் போறான். எப்ப வருவான்னு தெரியும், எப்டி வருவான்னு தெரியாது. செருப்ப இய்த்துனு வந்தா ஒரு மாதிரி, தூக்கி வச்சு வந்தா ஒரு மாதிரி. கொயம்புல உப்பு இருக்கணும், இருந்தா ஏன் இவ்ளோன்னு கேப்பான். சிரிக்கணும், சிரிச்சா எதுக்குன்னு கேப்பான். பேசாம இருந்தா ஊமையான்னு கேப்பான். டம்ளர எட்டாத எடத்துல வக்கணும், வச்சா ஏன் ஒளிச்சு வச்சன்னு கேப்பான். இத்தினியும் அடுப்பாண்ட நின்னுனு, கொதிக்கிற சத்தத்துக்கு அந்தாண்ட படிக்கட்டுச் சத்தத்தக் கேட்டுனு, ஒரு நாளு இல்ல, ஒரு வருசம் இல்ல.

டில்லிக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. 'யாரு பெத்த பொண்ணோ, நம்ப பிளாக்குலயே இப்டி ஒருத்தி கீறா, நமக்குத் தெரியல பாரு'ன்னு நெனச்சான். அப்பறம் கோவம் வந்துது, யாரு அந்தாளு, எந்த மாடி, கண்டுபுடிச்சு நாலு வார்த்த கேக்காம உடக்கூடாதுன்னு, ஆம்பளையா கேக்கணும்னு, தொண்டையக் கனைச்சான்.

அந்தக் கனைப்பு காதுல உய்ந்ததும் அவன் ஒடம்பு எகிறிச்சு.

அவன் எகிறல, ஒடம்பு தானா எகிறிச்சு. எங்க போவணும்னு அதுக்குத் தெரிஞ்சிருந்துது. பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு முயம் சந்து, அங்க போய் தோள ஒடுக்கினு நின்னுது. தோளு போய் ஒரு எடத்துல பதிஞ்சுது. அங்க செவுத்துல சுண்ணாம்பு தேஞ்சு, கைப்புடி மாதிரி வழவழன்னு ஒரு பள்ளம், ஒரு பொம்பள தோளு ஒசரத்துல. மழ ஒதம்னு அவன் நெனச்சினு இருந்தது. ரெண்டு தபா வெள்ளயும் அடிச்சான் அது மேல.

அவன் மூச்சு உடல. மூச்சு உட்டா அந்தாளு மூச்சு கேக்குது. கைய தூக்கி வாயப் பொத்திக்கலாம்னு பாத்தா, அந்தாளு கை வருது, வெரலு வெறச்சு, ஐஸ் கம்பெனி வாடையோட. கண்ண மூடினான். கை நின்னுது. பொம்ம அணைஞ்சு கருப்பா தரைல கெடந்துது.

கதவு தொறந்து ரேணுகா உள்ள வந்தா. இருட்டையும் பாத்தா, போர்வையையும் பாத்தா, சந்துல நிக்கிற புருசனையும் பாத்தா. அந்த சந்து அவளுக்குத் தெரியாத சந்து இல்ல.

"தையக்காரியா?" அப்டின்னா.

அவன் தலைய ஆட்டினான்.

"மொத்தமும் எடுத்துட்டியா?"

மறுபடி ஆட்டினான். அப்பறம் ரகசியமாக் கேட்டான், உரக்கக் கேட்டா அந்தாளுக்குக் கேட்டுடும்னு: "இத்தோட எப்டி ரேணு சோறாக்கின?"

"உப்பப் பாத்துப் பாத்துப் போட்டேன்."

கீய ஆட்டோ ஆரன் கேட்டுது. அவ ட்யூப் லைட்டு சுவிட்சாண்ட போனா. "லைட்டப் போடறேன். பொம்மையக் கைல எடு, உட்டுடு. மனுசன் தாங்க மாட்டான் இத்த."

"நீ தாங்கினியே."

"நான் தாங்கினேன்னு யாரு சொன்னா? கொடம் வச்சேன்ல லைன்ல."

அவன் தரைல கெடந்த பொம்மையப் பாத்தான். அத்த எடுத்தா ஒரு செகண்டு வேல. பயம் அதுல ஏறிடும், அப்பறம் போர்வையத் தொங்க உட்டு இத்தப் புடின்னா, அவ இப்பத் தான் எதுக்கும் பயப்பட மாட்டாளே, புடிப்பா கூட. புடிச்சா பொட்டிய அவுத்துடுவா, வெறும் ஞாயித்துக்கெயமையா ஆயிடும், மீன் கொயம்பு வப்பா. அவ கை சுவிட்சு மேல கீது. அவன் கை கொஞ்சம் நீண்டுது. நீள்ற கையப் பாத்து உள்ள இருந்த பயம் சந்துக்குள்ள இன்னும் ஒட்டிக்கிச்சு.

கைய மடக்கி கக்கத்துல வச்சிக்கினான். "போடாத," அப்டின்னான். "இது போச்சுன்னா எனுக்கு மறுபடி ஒண்ணும் தெரியாமப் பூடும்."

ரேணுகா அவனப் பாத்தா. பாவம்னும் பாக்கல, போதும்னும் பாக்கல. போர்வைய அவுத்து நாலா மடிச்சுக் கட்டில் மேல வச்சிட்டு, ஜன்னலத் தொறந்து உட்டா.

லிப்ட்டு ஓடல. ஆறு மாடியும் அவன் தான் தகரப் பொட்டியத் தோள்ல தூக்கினு எறங்கினான், அவ மின்ன, அவன் பின்ன. தொண்டைல கனைப்பு ஒண்ணு ஆறாவது மாடில இருந்து அரிச்சினே வந்துது, அவன் அத்த முயுங்கினே எறங்கினான். மாடிக்கு மாடி கதவாண்ட சனம் நின்னுது. எத்திராஜு வாயத் தொறந்தாரு, சம்பூர்ணம் அவரு கையப் புடிச்சு அமுக்கினா. கேட்டாண்ட வாட்ச்மேன் எய்ந்து நின்னாரு.

ஆட்டோவுல ரேணுகா ஏறிக் குந்தினா. அவன் பொட்டிய அவ காலாண்ட வச்சிட்டு, அவ மேல நெயலு உயாத மாதிரி ரெண்டு அடி தள்ளி நின்னான். கை ரெண்டையும் பின்னால கட்டிக்கினான்.

ஆட்டோக்காரன் கண்ணாடில பாத்தான். "நைனா, நீயும் ஏறிக்கோயேன். எடம் கீதுல்ல. அம்மா கூட யாரும் வரலியா?"

டில்லி மேல ஆறாவது மாடியப் பாத்தான், படிக்கட்டப் பாத்தான், தன் செருப்பப் பாத்தான்.

"அந்தாளு வரல," அப்டின்னான் மெல்லமா. "அவன் வர்றதுக்குள்ள நீ வண்டிய எடு."